சுருளைச் சுற்றும் விதம் மாறினால் அதிர்வெண் ஏன் நகர்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கம்பிச் சுருள்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதிர்வெண் என்று இங்கே சொல்வது சுருள் ஒத்ததிரும், அதாவது அதில் மின் ஊசல் மிக வலுவாக எழும், அதிர்வெண்ணை. கணக்கு வரும் இடங்களிலெல்லாம் ஒரே சுருளைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம்: 5 செ.மீ. விட்டமுள்ள குழாய், எனாமல் கம்பியில் 100 சுற்று, நெருக்கிச் சுற்றியதில் 5 செ.மீ. நீளம்.

கேள்வி: 100 சுற்றை நெருக்கிச் சுற்றினேன். பிறகு அதே கம்பியை இடைவெளி விட்டு 10 செ.மீ. நீளத்துக்குப் பரப்பினேன். அதே கெபாசிட்டர்தான், ஆனால் அதிர்வெண் எங்கோ போய்விட்டது. சுற்றுகளுக்கு இடையிலுள்ள தேக்குதிறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) குறைந்ததுதான் காரணமா?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கே முக்கியக் காரணம் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் சுருளின் பண்பு. சுற்றுகள் விலக விலக, ஒரு சுற்றின் காந்தப்புலம் மற்றச் சுற்றுகளைத் துளைப்பது குறைகிறது. 1928-ல் வானொலிப் பொறியாளர் வீலர் தந்த எளிய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: நெருக்கிய சுருளுக்குச் சுமார் 340 மைக்ரோஹென்றி, பரப்பியதற்குச் சுமார் 200. 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டருடன் முன்னது ஏறக்குறைய 860 கிலோஹெர்ட்ஸிலும் பின்னது 1120-க்குப் பக்கத்திலும் ஒத்ததிரும்.

ஒற்றை அடுக்குச் சுருளின் சொந்தத் தேக்குதிறனை (தனியாகக் கெபாசிட்டர் இல்லாமலே சுருளுக்கு இருப்பதை) 1947-ல் மெதர்ஸ்ட் என்ற ஆய்வாளர் விரிவாக அளந்து வெளியிட்டார். அது சுற்றுகளின் இடைவெளியைவிடச் சுருளின் விட்டத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது அவர் கண்டது. ஒரு முனையைத் தரையிட்டால் நம் சுருளுக்கு அது வெறும் 2.3 பிக்கோஃபாரட்தான் வரும். 100-க்கு முன்னால் அது எம்மாத்திரம்!

கேள்வி: இடம் பத்தவில்லை என்று இரண்டு அடுக்காகச் சுற்றினேன். கணக்கில் வந்ததைவிட அதிர்வெண் மிகவும் கீழே இருக்கிறது.

முதல் அடுக்கை இடமிருந்து வலமாகச் சுற்றி, இரண்டாவதை அப்படியே வலமிருந்து இடமாகத் திருப்பிக் கொண்டுவந்திருப்பீர்கள். இப்போது சுருளின் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. சுருளின் முழு மின்னழுத்தமும் ஒரு எனாமல் பூச்சின் தடிமனுக்குள் அடங்கிவிட்டது. தேக்குதிறனில் சேரும் ஆற்றல் மின்னழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த ஓரம் ஒன்றே அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும்.

எந்தச் சுற்றுமுறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே எத்தனை வோல்ட்? பழைய வானொலிக்காரர்கள் தேன்கூடு போலவும் சிலந்தி வலை போலவும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியது அழகுக்காக அல்ல. அப்படிச் சுற்றினால் கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுப்பதில்லை. வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. அவ்வளவு மெனக்கெட முடியாதென்றால், மொத்தச் சுற்றையும் மூன்று நான்கு சிறு கட்டுகளாகப் பிரித்து, இடைவெளி விட்டு வரிசையாக வையுங்கள். அதுவே தேக்குதிறனை நிறையக் குறைத்துவிடும்.

கேள்வி: டெஸ்லாவின் இரட்டைக் கம்பித் தட்டைச் சுருளைச் செய்து பார்க்கிறேன். இதில் தூண்டல் கூடுகிறது, ஆற்றலும் கூடுதலாகக் கிடைக்கிறது என்கிறார்களே?

இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றி, முதல் கம்பியின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு இணைக்கும் சுருள் இது. 1894-ல் டெஸ்லா பெற்ற 512340 எண் கொண்ட அமெரிக்கக் காப்புரிமை இதைப் பற்றியதுதான். அதைப் படித்தால் நோக்கம் மிகவும் நடைமுறையானது என்று தெரியும். சுருளின் தூண்டலை ஈடுகட்டத் தனியாகக் கெபாசிட்டர் வாங்கி வைப்பது செலவு. அந்தத் தேக்குதிறனைச் சுருளுக்குள்ளேயே உண்டாக்கிவிட்டால் என்ன? அவ்வளவே.

கணக்கு எளிது. 100 சுற்றுச் சுருளின் முனைகளில் 10 வோல்ட் என்று வையுங்கள். சாதாரணமாகச் சுற்றினால் பக்கத்துச் சுற்றுகளுக்கு இடையே 0.1 வோல்ட். இரட்டைக் கம்பியில் எந்தச் சுற்றை எடுத்தாலும் அதன் பக்கத்துச் சுற்று பாதிச் சுருள் தள்ளி இருப்பது. வித்தியாசம் 5 வோல்ட். 50 மடங்கு வித்தியாசம், ஆகவே அந்த இடைவெளியில் சேரும் ஆற்றல் 2500 மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்த ஆற்றல் எங்கிருந்தோ முளைத்ததல்ல. நீங்கள் ஊட்டியதுதான் காந்தப்புலத்துக்கும் மின்புலத்துக்கும் இடையே போய் வருகிறது. அதிர்வெண்ணும் 2500-ன் வர்க்கமூலம் அளவுக்கு விழாது. சாதாரணச் சுருளில் பக்கத்துச் சுற்றுகளின் பங்கு முதலிலேயே மிகச் சிறியது என்பதே காரணம்.

தூண்டல் விஷயம் ஒப்பீட்டுக் குழப்பம். இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் அளந்து, பிறகு இரண்டையும் தொடராக இணைத்து அளந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு காட்டும். சுற்று இரட்டிப்பானால் அப்படித்தானே வரும்! அதே வடிவத்தில் அதே மொத்தச் சுற்றுள்ள சாதாரணச் சுருளோடு ஒப்பிடுங்கள், தூண்டல் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும்.

அப்புறம், இணைப்பைக் கவனியுங்கள். முதல் கம்பியின் முடிவை இரண்டாவதன் முடிவோடு இணைத்துவிட்டால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தூண்டல் இல்லாத மின்தடை வேண்டும்போது வேண்டுமென்றே அப்படிச் சுற்றுவார்கள்.

கேள்வி: வலஞ்சுழியாகச் சுற்றுவதற்கும் இடஞ்சுழியாகச் சுற்றுவதற்கும் வித்தியாசம் உண்டா?

ஒற்றைச் சுருள் என்றால் இல்லை. ஒரே குழாயில் இரண்டு சுருள்கள் இருந்து அவற்றை இணைக்கும்போது மட்டும் திசை முக்கியம்.

கேள்வி: கம்பியின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால் சுருள் அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும் என்பது சரியா?

நேராக நிற்கும் கம்பிக்கு ஏறத்தாழச் சரி. சுற்றிவிட்டால் அந்த விதியை விட்டுவிடுங்கள். நம் சுருளில் 15.7 மீட்டர் கம்பி இருக்கிறது. கால் அலைக் கணக்குப்படி 4.8 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். தூண்டலையும் மெதர்ஸ்டின் தேக்குதிறனையும் வைத்துக் கணக்கிட்டால் நெருக்கிய சுருளுக்குச் சுமார் 5.7 மெகாஹெர்ட்ஸ், பரப்பியதற்கு 7 மெகாஹெர்ட்ஸ். கம்பி ஒன்றே, பதில் இரண்டு.

கேள்வி: சுருளின் சொந்த ஒத்ததிர்வை அளக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. ஆஸிலோஸ்கோப்பில் கோளாறா?

கோளாறு ஸ்கோப்பில் இல்லை, புரோபை வைத்த இடத்தில். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஸ்கோப்புக்குக் கொடுக்கும் பத்து மடங்கு (10X) புரோபின் நுனியில் பொதுவாகப் பத்துப் பதினைந்து பிக்கோஃபாரட் இருக்கும். 2.3 பிக்கோஃபாரட் சுருளின் முனையில் 12 பிக்கோஃபாரட்டை மாட்டினால் 5.7 மெகாஹெர்ட்ஸில் வர வேண்டியது 2.3 மெகாஹெர்ட்ஸில் வரும். நீங்கள் அளந்தது சுருளை அல்ல, புரோபை! பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டும் தன் பங்குக்குச் சில பிக்கோஃபாரட் சேர்க்கும். உங்கள் கை பக்கத்தில் போனாலும் நகரும்.

சுருளைத் தொடாமல் அளங்கள். சிக்னல் ஜெனரேட்டரில் ஒரு சுற்றுக் கம்பி வளையம், புரோபில் இன்னொரு வளையம். இரண்டையும் சுருளிலிருந்து சில செ.மீ. தள்ளி, ஒன்றையொன்று நேரடியாகப் பாதிக்காதபடி வையுங்கள். வளையத்தை இன்னும் விலக்கிப் பாருங்கள். ஜெனரேட்டரின் அதிர்வெண்ணை மாற்றும்போது ஸ்கோப்பில் தெரியும் உச்சம் நகராமல் உயரம் மட்டும் குறைந்தால் அளவீடு நம்பத்தக்கது.

எனக்கு இன்னும் பிடித்த வழி வேறொன்று. 47, 100, 220, 330 பிக்கோஃபாரட் என்று தெரிந்த கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் சுருளோடு இணைத்து அதிர்வெண்ணைக் குறியுங்கள். கிடை அச்சில் தேக்குதிறன், செங்குத்து அச்சில் அதிர்வெண் வர்க்கத்தின் தலைகீழ். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் சுழியத்துக்கு இடப்புறம் கிடை அச்சை வெட்டும் இடம்தான், இணைப்புக் கம்பிகளையும் சேர்த்து, சுருளின் சொந்தத் தேக்குதிறன். கோட்டின் சாய்விலிருந்து தூண்டலும் கிடைத்துவிடும். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால், சுற்றுமுறையை ஒப்பிடும் முன் அளக்கும் ஏற்பாட்டைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: தடித்த கம்பி போட்டும் உச்சம் கூர்மையாக வரவில்லையே?

1 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 0.066 மி.மீ. ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும். உள்ளே இருக்கும் செம்பு சும்மா கிடக்கிறது. நெருக்கிச் சுற்றும்போது பக்கத்துச் சுற்றின் புலம் மின்னோட்டத்தை ஒரு ஓரத்துக்குத் தள்ளி இழப்பை இன்னும் கூட்டும். கம்பியின் விட்டம் அளவுக்கு இடைவெளி விட்டுச் சுற்றிப் பாருங்கள். மத்திய அலைவரிசை வரைக்கும் லிட்ஸ் கம்பி (தனித்தனியே எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கியது) நல்ல பலன் தரும். பல மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அதன் பலன் மங்கிவிடும். அங்கே இடைவெளி விட்ட ஒற்றைக் கம்பியே மேல்.

கேள்வி: சுற்றுகள் நகராமலிருக்க வார்னிஷ் பூசினேன். அதிர்வெண் இறங்கிவிட்டது.

இறங்கத்தான் செய்யும். சுற்றுகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் மின்கடத்தாப் பொருள் வந்து தேக்குதிறன் கூடிவிட்டது. ஈரம் இழுத்த அட்டைக் குழாயும் இதையே செய்யும், இழப்பையும் சேர்த்துக் கொடுக்கும். பூசியே ஆக வேண்டுமென்றால் நான்கைந்து இடங்களில் மெல்லிய கோடாகப் பூசுங்கள். ஒப்பிடப்போகும் எல்லாச் சுருள்களுக்கும் ஒரே மாதிரிப் பூசுங்கள்.