வாசகியர் கேள்வி: தரையில் வைத்துத் தேய்க்க ஒரு பலகை

கேள்வி: அக்கா, வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுக் குழந்தைகளுக்குப் போர்வை தைக்கிறேன். கட்டில் மெத்தையில் போட்டுத் தேய்ப்பதால் சதுரங்கள் கோணிக்கொள்கின்றன. ஒரே அறை வீடு. கால் வைத்த இஸ்திரி மேஜைக்கு இடமில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள, சின்னதாக நாமே ஒன்று செய்ய முடியுமா? ஸ்பாஞ்ச் போடலாமா?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். மெத்தையில் வரும் அதே தொல்லைதான் அதிலும்: பெட்டியின் கனத்தில் துணி அமுங்கி, தையல் ஓரம் இழுபடும். சூட்டுக்கு ஸ்பாஞ்சும் தாங்காது. அடி கெட்டியாக இருந்தால்தான் தையல் படியும்.

12 மி.மீ. ப்ளைவுட்டில் 24க்கு 18 அங்குலம் அறுத்து வாங்குங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் என்றால் விலை கூடும். ஆனால் ஆவி ஈரத்துக்குச் சீக்கிரம் பிரியாது. ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிடுங்கள்.

மேலே பழைய கம்பளி, இரண்டு மடிப்பு, பலகை அளவுக்கே. கம்பளி சூட்டைப் பிடித்துவைத்து அடியிலிருந்தும் துணிக்குக் கொடுக்கும். ஆனால் கம்பளி என்று விற்பதெல்லாம் கம்பளி இல்லை. ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகுகிற வாடை வந்து, ஆறியபின் சாம்பல் விரலில் பொடிந்தால் அசல். உருகிக் கெட்டி உருண்டையாக நின்றால் செயற்கை நூல், அதை ஒதுக்கிவிடுங்கள்.

உறைக்கு வெளுக்காத காடாத் துணி. முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்க விடுங்கள். பிறகு 34க்கு 28 அங்குலம் வெட்டி, சுற்றிலும் மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோப்பதுபோல் நாடா கோத்து, பலகைக்கு அடியில் இழுத்துக் கட்டுங்கள். ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ அடித்தால் வேலை சுலபம்தான். ஆனால் கீழக்கரையில் என் தையல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. கொண்டல், அதாவது கீழைக்காற்று, வீசும் மாதங்களில் நம் கரையோரத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்குமா? அந்தக் கறை ஈர உறையில் ஊறி, குழந்தை போர்வையின் வெள்ளைத் துணியில் இறங்கினால் போகவே போகாது. நாடா என்றால் அவிழ்த்துத் துவைக்கலாம்; பலகையையும் கம்பளியையும் வெயில் காட்டலாம்.

தேய்க்கும்போது பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டிய துண்டுகள் லேசாக இழுத்தாலே நீண்டுவிடும். தையலை முதலில் மூடியபடியே ஒரு அழுத்து. பிறகு திருப்பி, தையல் ஓரங்கள் இரண்டையும் அடர்நிறத் துணிப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். வெளிர்நிறத்தின் அடியில் நிழல் தெரியாது.

வீட்டில் பழைய கட்டம் போட்ட பருத்திக் கைலி இருந்தால் காடாவுக்குப் பதில் அதையே உறையாக்கலாம். கோட்டோடு கோடு வைத்துச் சதுரத்தை நேராக்க வசதி. ஆனால் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடாக அழுத்தி, சாயம் ஏறவில்லை என்று பார்த்த பிறகே வெட்டுங்கள்.