அப்பாவுக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். வயது 31, கொழும்பில் புடவைக்கடை ஒன்றில் வேலை. ஏ.எல். முடித்ததும் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியச் சொன்னார் அப்பா, நான் மறுத்தேன். "அப்படியென்றால் இந்தக் காம்பராவில் உனக்கு இடமில்லை" என்றார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைதான் காம்பரா. அதோடு பதினொரு வருடமாக அம்மா வழியாகத்தான் பேச்சு. போன மாதம் நண்பன் ஒருவன் 'ஒக்டோபர் ஸ்கை' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினான். சுரங்கத்துக்கு வரச் சொல்லும் அப்பா, ரொக்கெட் செய்யத் துடிக்கும் மகன். அழுதுவிட்டேன். இதை அப்பாவுக்குக் காட்டினால் என்னைப் புரிந்துகொள்வாரா? அவருக்கு 64 வயது, ஆங்கிலம் தெரியாது.

பதில்: காட்டுங்கள் தம்பி. ஆனால் எதற்காகக் காட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அந்த அப்பா ரொக்கெட் விடும் இடத்துக்கு வந்து நிற்கிறாரே, அதைப் பார்த்து நம் அப்பாவும் இளகுவார் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். தன்னைத் திருத்தத்தான் படம் போடுகிறார்கள் என்று அவருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், எழுந்து இஸ்தோப்புக்கு, அதுதான் வெளித் திண்ணைக்கு, போய்விடுவார்.

நீங்கள் முதலில் தனியாக இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை மகனை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் கவனியுங்கள். 1999இல் வந்த படம், நம் பக்கத்தில் பார்த்தவர்கள் மிகக் குறைவு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் லயத்தில் வளர்ந்த ஒருவருக்கு அதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. 1957இல், சோவியத் ரஷ்யா விட்ட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் வானத்தில் சுற்றிய காலத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்ற நிலக்கரி ஊர். ஊரே கம்பனியை நம்பித்தான் இருக்கிறது, அப்பன் இறங்கிய குழியில் மகனும் இறங்க வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம். ஹோமர் ஹிக்கம் தன் சொந்த வாழ்க்கையை எழுதிய நூலிலிருந்து எடுத்த கதை அது. நிஜத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், படத்தில்தான் அப்பாவை ஜோன் என்று மாற்றியிருக்கிறார்கள்.

அந்த ஜோன் கொடுமைக்காரர் இல்லை. நெஞ்சில் நிலக்கரித் தூசி படிந்திருக்கிறது என்று தெரிந்தும் வேலையை விடமாட்டார், விபத்து நடந்தால் ஆட்களைக் காப்பாற்ற முன்னால் நிற்பார், அப்படித்தான் கண்ணிலும் அடிபடுகிறது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மகன் பள்ளிக்கூடத்தை விட்டுச் சுரங்கத்தில் இறங்குகிறான். அதில் அவருக்கு வருகிற பெருமிதத்தைப் பாருங்கள். என் வேலையை என் பிள்ளை மதித்துவிட்டான் என்ற பெருமிதம் அது. பிறகு அவன் மறுபடி படிக்கப் போகும்போது அவருக்கு வலிப்பதும் அதனால்தான்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். "பேர் பதி" என்று அவர் சொன்னது உங்கள் காதில் "தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கு" என்று விழுந்தது. அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வீட்டில் ஒருவராவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவான செக்ரோலில் இல்லையென்றால் அதுவும் போய்விடும் என்ற பயத்திலேயே வளர்ந்த தலைமுறை அவருடையது. 1960 வாக்கில் பிறந்திருப்பார். அதற்கு முன்பே, 1948இல், நம் மலையகத் தமிழ் ஆட்களில் பெரும்பாலானோருக்கு இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. அவருக்கு நாலு வயதாகும்போது, நம் ஆட்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் உங்கள் பெரிய தாத்தாவோ மாமாவோ யாராவது இருந்திருப்பார்கள், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கொப்பியில் பேர் இருக்கிறது, எதில் இல்லை என்பதை வைத்தே மனிதர்கள் இருந்ததையும் போனதையும் கண்டவருக்கு, பேர் பதிவதுதான் பாதுகாப்பு. எனக்குப் பிறகும் உனக்கு ஒரு கூரை இருக்கட்டும் என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லத் தெரியவில்லை.

அதற்காக அவர் அன்று சொன்னது சரியாகிவிடாது. பிள்ளையை வெளியே போகச் சொன்னது தவறுதான், நீங்கள் மறுத்ததிலும் தவறில்லை.

என் அப்பாவும் நானும் நாலு வருடம் பேசவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருநாள் அவர் இடது கையில் இருந்த கவ்வாத்துக் கத்தித் தழும்பைக் காட்டி, "இது எந்த மலையில பட்டதுப்பா?" என்று கேட்டேன். "நாலாம் நம்பர் மலை" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை, சோறு ஆறிப்போயிற்று.

ஆங்கிலம் தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் இதில் நல்ல விஷயமாகப் படுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியையும் நீங்கள்தானே தமிழில் சொல்ல வேண்டும்! பதினொரு வருடம் கழித்துச் சண்டையில்லாத ஒரு பேச்சு அப்படி ஆரம்பிக்கட்டும். சுரங்க ஆட்கள் வேலைக்குப் போகும் காட்சி வந்தால் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் அவருக்கு ஞாபகம் வரும், தேயிலை ஸ்டோரில் ஊதும் சங்கு ஞாபகம் வரும். அவர் வாயைத் திறந்தவுடன் படத்தை நிறுத்திவிடுங்கள். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், முக்கியமாக "பார்த்தீர்களா, அந்த அப்பாவும் உங்களைப் போலத்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தீபாவளிக்குப் போகும்போது வேண்டாம், வீடு நிறைய ஆள் இருக்கும். சாதாரண போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, ஒன்றில் போங்கள். லயத்தில் சிக்னலை நம்ப முடியாது, படத்தை லெப்டொப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள், போன் திரை அவர் கண்ணுக்குச் சிறிது. அம்மாவிடம் எதையும் சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டாம், இவ்வளவு காலம் நடுவில் நின்று அவரும் களைத்திருப்பார். அப்பா எழுந்து போனாலும் கோபப்படாதீர்கள், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

ஒரு மணி 48 நிமிடப் படம். கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள் தம்பி, மிச்சத்தை அடுத்த போயாவுக்கு வந்து போடுகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு.