இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்த அக்ரூட் கட்டை?

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து உரிமத்துடன் எங்கள் வீட்டில் இருந்துவரும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டை, கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் பிளந்துவிட்டது. புதுக் கட்டை செய்வதற்காகத் துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று அக்ரூட் பலகைகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். முதல் பலகை முழுவதும் சுழிசுழியாக ரேகை ஓடுகிறது. இரண்டாவதில் முன்பாதி நேர்கோடுகளாகவும் பின்பாதி கலைந்த மேகம்போலவும் இருக்கிறது. மூன்றாவதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. முதலாவதைத்தான் வாங்க வேண்டும் என்று என் மகன் பிடிவாதமாக இருக்கிறான். எதை எடுக்கலாம்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டாவதை எடுங்கள். தம்பியின் ரசனையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் பலகையைப் பின்னாலிருந்து பார்க்கிறார், நாம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். சுடும் பொறி அடங்கிய விசைப்பெட்டியைப் பதிப்பதற்காகக் கட்டையின் தலைப்பகுதியைக் குடைந்துவிடுவதாலும், அதை அடுத்த கழுத்தைக் கைக்கு அடங்கும்படி மெலிதாக இழைத்துவிடுவதாலும், சுடும்போது வருகிற உதைப்பு முழுவதையும் மிகக் குறைந்த மரமே தாங்குகிறது. 1875இல் இங்கிலாந்தில் ஆன்சனும் டீலியும் வடிவமைத்த, பொறி முழுவதும் பெட்டிக்குள்ளேயே அடங்கும் பெட்டிப்பூட்டு வகையிலேயே இப்படியென்றால், இருபுறமும் பூட்டுத் தகடு பதிக்கிற வகையில் குடைவு இன்னும் கூடுதல். அங்கே நார் குறுக்கே ஓடினால், உங்கள் பழைய கட்டை பிளந்ததுபோலவே புதியதும் பிளக்கும். மண்வெட்டிக்குக் கணை போடுகிறவர் நார் நேராக ஓடும் கம்பைத்தானே தேடுகிறார்?

நேர்ரேகை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கட்டை குழலுக்கு நேர்கோட்டில் செல்வதில்லை. கழுத்திலிருந்து அடிநோக்கிச் சற்றே சரிகிறது. ஆகவே ரேகையும் அந்தச் சரிவோடு சேர்ந்து இறங்க வேண்டும். கடைக்காரரிடம் கட்டையின் வடிவத்தில் வெட்டிய அட்டையையோ ஒளி ஊடுருவும் தாளையோ கேட்டு வாங்கிப் பலகையின்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். இரண்டு விரற்கடை மேலே ஏற்றினால் கழுத்தில் ரேகை சரியாக விழும். கீழே இறக்கினால் கணுவொன்று பிடிக்குள் வந்துவிடும். ஒரே பலகை நல்ல கட்டையாவதும் விறகாவதும் பெரும்பாலும் இந்த இரண்டு விரற்கடையில்தான் இருக்கிறது. பக்கவாட்டு ரேகையை மட்டும் பார்த்துவிட்டு மேல்விளிம்பைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஏமாந்தேன். பக்கத்தில் அழகாக நேராக ஓடிய ரேகை மேலே சாய்வாக வெளியேறியதைக் கவனிக்கவில்லை. ஒரு பருவம் முடிவதற்குள் கழுத்தில் மயிரிழைக் கீறல் விழுந்துவிட்டது.

அழகு முழுவதும் தோளில் பதியும் அடிப்பாகத்தில் இருக்கட்டும்; அங்கே மரம் தடிமனாக இருப்பதால் ரேகை எப்படிச் சுழன்றாலும் கேடில்லை. கிளை பிரியும் கவட்டில் அறுத்த பலகையில் இறகு விரித்ததுபோன்ற ரேகை கிடைக்கும். வேரை ஒட்டிய அடிமரத்தில் கருங்கோடுகள் பளிங்குபோலக் கலந்து கிடக்கும். நார் அலையலையாக நெளிந்திருந்தால் வயலினின் முதுகில் காண்பதுபோல் குறுக்கே பட்டை பட்டையாக ஒளி விளையாடும். என்னைக் கேட்டால், தேன்நிறத் தரையில் கரும்புகைக் கோடுகள் ஓடுகிற பலகைதான் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிக்குப் பொருத்தமானது. கவட்டு மரம் சற்றுக் கூடுதல் பகட்டு.

படத்தை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்த படத்தில் எந்தப் பலகையும் ராஜகளையோடு தெரியும். உலர்ந்த நிலையில் இருபுறமும் மேல்விளிம்பும் தெரியும்படி படம் கேளுங்கள். நேரில் போனால் நீங்களே ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். இங்கிலீஷ், பிரெஞ்சு, துருக்கி, சர்க்காசியன் என்று கடைக்காரர் அடுக்கும் பெயர்களால் மலைத்துவிடாதீர்கள். அவை அனைத்தும் விளைந்த நாட்டை ஒட்டிய பெயர்கள். மரம் ஒன்றே, காஷ்மீர் அக்ரூட்டும் அதே இனம்தான். அமெரிக்கக் கறுப்பு அக்ரூட் மட்டும் வேறு இனம். ஒரே சீரான கரும்பழுப்பு நிறமும் சற்றுப் பெரிய துளைகளும் கொண்டது.

கடைசியாக ஈரப்பதம். நிழலில் காற்றாட உலர்த்தும் மரத்துக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய கணக்கு. இரண்டரை அங்குலப் பலகைக்கு இரண்டரை ஆண்டு ஆகும். உலர்ந்ததென்று விற்கும் பலகையையும் மாதம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்துவாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகே உளி வைக்கச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு, பலகை ஓர் ஐப்பசி மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் பார்த்துவிடுவது நல்லது. பலகையைத் தேர்ந்தெடுக்க ஊர் ஆசாரியை அழைத்துப்போகலாம், முற்றிய உள்மரமான வைரமும் இளசான வெளிமரமான வெள்ளையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், கட்டையைப் பொருத்தும் வேலை உரிமம் பெற்ற கடையில்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: நம் மலையில் ஈட்டியும் தேக்கும் விளையும்போது எங்கிருந்தோ வரும் அக்ரூட் எதற்கு?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஈட்டி அழகில் குறைந்ததன்று, எடையில்தான் சிக்கல். அக்ரூட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோ. ஈட்டி 800 கிலோவைத் தாண்டும். மூன்று கிலோ அளவில் இருக்கும் துப்பாக்கியில் பின்பக்கம் கனத்தால், தூக்கும்போது குழல்முனை தானாக எழும்பும். தேக்கு எடையில் ஒத்துவந்தாலும் குடைவின் மெல்லிய விளிம்புகளில் எளிதில் சில்லு பெயர்ந்துவிடும். அக்ரூட்டோ எத்திசையில் உளி வைத்தாலும் வெண்ணெய்க்கட்டிபோல் வெட்டுப்படும்.

கேள்வி: என் பழைய துப்பாக்கியின் கட்டை இரும்பை ஒட்டிய இடத்தில் மட்டும் கறுத்திருக்கிறது. அது மரத்தின் இயற்கை நிறமா?
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: இல்லை. துப்பாக்கியை நிமிர்த்தி வைப்பதால் இரும்பிலிருந்து வடிந்து மரத்தில் ஊறிய எண்ணெய் அது. நாளடைவில் மரத்தை நொய்ந்துபோகச் செய்யும். இரும்பைக் கழற்றிய பிறகு சுண்ணக்கட்டிப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசினால், உலரும்போது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். நிறம் மாறும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். எண்ணெய் பூசியபின் சில நாள் குழல்முனை கீழே இருக்கும்படி வையுங்கள்.

கேள்வி: புதுக் கட்டைக்கு வார்னிஷ் அடிக்கலாமா?
- வாசகர், வீரவநல்லூர்

பதில்: வேண்டாம், ரேகையின் ஆழம் மறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மிக மெலிதாகத் தேய்த்து, காய்ந்தபின் மறுபடியும் தேய்ப்பதே பழைய முறை, வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தில் செந்நிறம் ஏற்ற ஒருவகைச் செடியின் வேரை அந்த எண்ணெயில் ஊறவைப்பார்கள். நம் நாட்டுமருந்துக் கடையில், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவக்கவைக்க வாங்குகிற வேம்பாளம்பட்டையும் அதே வேலையைச் செய்யும். முதலில் ஒரு துண்டு மரத்தில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது முற்றத்தில் விரித்துக் காயவிடுங்கள்.