செர்ரி இறாலும் தோப்புப் பக்கெட்டும்

கேள்வி: வணக்கம் ஐயா. கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. கைச்செலவுக்கு ஆகட்டும் என்று பங்குனியில் பொள்ளாச்சி போய் சிவப்பு செர்ரி இறால் 20 வாங்கி வந்தேன். புதுக் கண்ணாடித் தொட்டி, 40 லிட்டர். அன்றைக்கே போர் தண்ணீர் நிரப்பி விட்டேன். மாடு இருந்த காலத்துச் சிமெண்டுத் தொட்டி ஒன்று முற்றத்தில் கிடக்கிறது. கொசுவுக்காக அதில் கப்பி மீன் விட்டிருந்தோம். அதிலிருந்து நாலைப் பிடித்து இறாலோடு சேர்த்து விட்டேன். முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் ஐந்து என்று செத்து, இப்போது ஆறுதான் மிச்சம். வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். தோப்புக்கு மருந்து கலக்குகிற பக்கெட்டுதான், ஆனால் நன்றாகக் கழுவித்தான் பிடிக்கிறேன். ஆர்.ஓ. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) 900 என்றார். கடைக்காரர், "செர்ரியில் காசு இல்லை, கிரிஸ்டல் ரெட் எடுங்க, மினரல் பாட்டிலும் பாக்டீரியா பாட்டிலும் ஊத்துங்க" என்கிறார். கிரிஸ்டல் ரெட் வாங்கலாமா? எந்த மினரல் நல்லது?

பதில்: அம்மணி, கிரிஸ்டல் ரெட் வேண்டாம். அது செர்ரியின் தங்கை இல்லை, வேறு இனம். உப்புக் குறைந்த, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் கேட்கும். 24 டிகிரிக்கு மேல் போனாலே முகம் சுளிக்கும். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா வெயிலில் அதை வைக்க, தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வேண்டும், தனி மண் வேண்டும், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், அப்புறம் மினரல் வேண்டும். இத்தனையும் அதே கடையில்தான் கிடைக்கும். செர்ரி செத்தவரிடம் அதைவிட நோஞ்சானை விற்கிறவர் உங்கள் லாபத்தை நினைத்துச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பதினாலு இறால் ஏன் செத்தது?

பக்கெட்டை வெயிலில் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே, கைப்பிடி மாட்டுகிற இடத்தில், அடிப்பக்கத்துக் கீறல்களில் வெளிர் நீலமாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அது மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட். தென்னைக்கு குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை கலக்காத தோப்பு உங்கள் பக்கம் ஏது? நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அதை இரும்புப் பாத்திரத்தில் கலக்கக்கூடாது என்பதால் பிளாஸ்டிக் பக்கெட்டைத்தான் எடுப்போம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் அதை விடாது. மீன் தாங்குகிற அளவு தாமிரத்தை இறால் தாங்காது. வேடிக்கை என்னவென்றால் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே தாமிரம்தான். ஆனால் தண்ணீரில் கரைந்து வருகிற தாமிரம் அதன் செவுளைப் பொசுக்கிவிடும். கப்பி நாலும் நன்றாக இருக்க, இறால் மட்டும் சாகிறது என்றால் என் சந்தேகம் முதலில் பக்கெட் மேல்தான். தண்ணீர் மாற்றிய மறுநாள்தான் சாவு அதிகமா என்று யோசித்துப் பாருங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் ஊற்றுகிற மருந்து சிலதிலும் தாமிரம் உண்டு, லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஏர் பம்பு வைத்திருக்கிற அறையில் கொசு லிக்விடும் வேண்டாம். அறைக் காற்றைத்தான் பம்பு தண்ணீருக்குள் தள்ளுகிறது.

பக்கெட் குற்றவாளி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் தொட்டியில் இறால் பிழைப்பது கஷ்டம்தான். அது பச்சைத் தொட்டி. பச்சை என்றால் நிறத்தைச் சொல்லவில்லை, பழுக்காத தொட்டி என்கிறேன். கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாக, அதை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா கண்ணாடியிலும் பஞ்சு ஃபில்டரிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே இறாலை விட்டீர்கள். அதற்கு மேல் வாரம் இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றினீர்கள். ஒவ்வொரு தடவையும் உப்பும் சூடும் குபீரென்று மாறும். அந்த அதிர்ச்சியில் இறால் நேரம் கெட்ட நேரத்தில் சட்டை உரிக்கும். பாதி உரித்து மாட்டிக்கொண்டு செத்துப் போகும். செத்ததில் தலைக்கும் உடம்புக்கும் நடுவே வெள்ளை வளையம் தெரிந்ததா? அதுதான் இது.

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், வீட்டிலும் இதற்குத்தான் சண்டை. தொட்டி பளபளவென்று இருக்கக்கூடாது. சுவரைத் தடவினால் கை வழுக்க வேண்டும். அந்த வழுவழுப்பில்தான் பாக்டீரியா, பாசி, கண்ணுக்குத் தெரியாத புழு எல்லாம் இருக்கிறது. பிறந்த குஞ்சு முதல் இரண்டு மூன்று வாரம் அதைச் சுரண்டித்தான் தின்னும். தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிற வீட்டில் முட்டை பொரியும், குஞ்சு மட்டும் காணாமல் போகும். பாக்டீரியா பாட்டிலுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள். மருந்து படாத பழைய மீன்தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது பஞ்சு ஃபில்டரைப் பிழிந்த கலங்கல் ஒரு டம்ளர் வாங்கி ஊற்றினால் அதைவிட வேகமாக வேலை நடக்கும்.

உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. பழுத்த தொட்டிதான் முற்றத்திலேயே கிடக்கிறதே! கப்பி பல்கிப் பெருகுகிற, சுண்ணாம்பெல்லாம் எப்போதோ கரைந்துபோன, சுவர் வழுக்குகிற மாட்டுத் தொட்டி. இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கப்பி எல்லாம் கண்ணாடித் தொட்டிக்கு, இறால் சிமெண்டுத் தொட்டிக்கு. நாலைந்து நாள் வலை போட்டு ஒரு பொடிக் கப்பிகூட விடாமல் அள்ளுங்கள். அது கண்ணில் பட்ட இறால் குஞ்சைத் தின்றுவிடும். தட்டான் பூச்சியின் இளம்புழு அடியில் பதுங்கியிருந்தால் பெரிய இறாலையே பிடிக்கும். ஆகவே அடிச்சேற்றைத் துழாவிப் பார்த்துவிட்டு மேலே கொசுவலை கட்டுங்கள்.

மினரல் கேட்டீர்களே, உங்கள் போர் தண்ணீர்தான் மினரல். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா? அப்படியானால் சட்டை உரித்து மறுபடி ஓடு கட்டத் தேவையான கால்சியம் அதில் தாராளமாக இருக்கிறது. படியாமல் வெறுமனே உப்புக் கரித்தால் அது வேறு கதை, அந்தத் தண்ணீர் வேண்டாம். 900 அதிகம்தான். ஒரு பங்கு போர் தண்ணீர், மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர் என்று கலந்தால் 250 பக்கம் வரும். செர்ரிக்கு அது போதும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். வெயிலில் வற்றிய அளவுக்கு ஈடு செய்யும்போது மழைத்தண்ணீரோ ஆர்.ஓ.வோ மட்டும் ஊற்றுங்கள். ஆவியாகப் போவது தண்ணீர்தானே, உப்பு உள்ளேயே நிற்கும். மெக்கானிக் வைத்திருந்த மீட்டர் மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்தத் தொழிலில் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் அதுவும் ஒரு பக்கெட்டும்தான். தண்ணீர் எடுக்கப் புது பக்கெட், அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. வீட்டுக்காரர் அவசரத்துக்குத் தோப்புக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டுக்குத் தொட்டி மேல் தென்னங்கீற்றுப் பந்தல், வெளிச்சுவரைச் சுற்றி ஈரச் சாக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த ஈரத்தை உலர்த்த உலர்த்த உள்ளே குளிரும். மத்தியானம் இரண்டு மணிக்கு 28 தாண்டினால் குஞ்சு குறையும், 32 என்றால் சினை இறால் முட்டையை உதிர்த்துவிடும்.

தீனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை வெந்நீரில் முக்கிய முருங்கை இலை நாலைந்து, காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்று. மருந்தடித்த தோட்டத்து இலை கூடாது. பாசி, செடி எதையும் கடையிலிருந்து நேராக உள்ளே போடாதீர்கள். ஒரு தடவை வாங்கி வந்த ஜாவா பாசியை அப்படியே போட்டேன். சாயங்காலம் இறாலெல்லாம் சுழன்று சுழன்று நீந்தியது, குஷியாக இருக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். விடிந்தால் அறுபதும் போச்சு. செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். அதிலிருந்து எந்தச் செடியானாலும் இரண்டு வாரம் தனி வாளியில், தண்ணீர் மாற்றி மாற்றி.

நீலம், மஞ்சள் என்று கலந்து வாங்கி விடும் ஆசையும் வேண்டாம். எல்லாம் ஒரே இனம். கலந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் தைவான் ஓடைகளில் இருக்கிற மூதாதை மாதிரி மண் நிறத்தில் வந்து நிற்கும், கூனி என்று நினைத்து யாராவது வறுக்கக் கேட்பார்கள். அதிகமானதை ஆற்றில் கொட்டவும் கூடாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, வளர்ப்பிலிருந்து தப்பிய அமேசான் மீனான அரப்பைமா கேரள ஆறுகளில் வலையில் சிக்கியது நினைவிருக்கும்.

விற்பனையை ஐப்பசிக்குப் பிறகு பேசலாம். இப்போதைக்கு அந்த ஆறை மாற்றுகிற வேலை. தொட்டித் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து, முடிச்சுப் போட்ட ஏர் டியூப் வழியாகச் சிமெண்டுத் தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டாக இரண்டு மணி நேரம் விடுங்கள். கிண்ணத்தில் இருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிதாக, நல்ல சிவப்பாக, வயிறு தொங்கலாக இருப்பது பெண். தலைக்குப் பின்னால், முதுகில், சேணம் வைத்த மாதிரி மஞ்சள் திட்டு தெரிந்தால் அது அடுத்த சட்டை உரித்ததும் சினைக்கு வரும். இருபது முப்பது முட்டையை வாலடியில் வைத்து விசிறிக்கொண்டே ஒரு மாதம் திரியும். சிறிதாக, வெளிறி, ஒல்லியாக ஒன்றாவது இருந்தால் ஆணும் இருக்கிறது. இரண்டும் இருந்தால் கடைப் பக்கம் போகவே வேண்டாம். இல்லை என்றால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இறங்கி, தொட்டி குளிர்ந்த பிறகு பத்து மட்டும் வாங்குங்கள்.