பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி வைத்துப் பிழைக்கிறேன். என் மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 548 வாங்கியிருக்கிறாள். பி.ஏ. அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். டில்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். சென்னை மாநிலக் கல்லூரியிலும் இடம் வந்திருக்கிறது. டில்லிக்கு அனுப்ப 12 லட்சம் கல்விக் கடன் வேண்டும். வட்டி 10 சதவீதம். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். சொந்தபந்தமெல்லாம் 'இதைப் படித்து என்ன சம்பாதிப்பாள்?' என்கிறார்கள். கடன் வாங்கலாமா?
- ஒரு தந்தை, சங்கரன்கோவில்

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. நானும் 1975-ல் அதே மாநிலக் கல்லூரியில் அரசியல் அறிவியல் சேர்ந்தவன். பிறகு 34 ஆண்டுகள் வங்கி வேலை. கடைசிப் பத்தாண்டுகள் கல்விக் கடன் கோப்புகளோடுதான் கழிந்தன. இரண்டையும் அறிந்தவனாகச் சொல்கிறேன்: படிப்பை மாற்றாதீர்கள். இந்தக் கடனை வாங்காதீர்கள்.

கணக்கை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 4 லட்சமாக மூன்று ஆண்டுகள் வங்கி கட்டும். படிக்கும் காலத்திலும், முடித்த பிறகு தருகிற ஓராண்டு அவகாசத்திலும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் 4 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 1.6 லட்சம், அடுத்ததற்கு 1.2 லட்சம், மூன்றாவதற்கு 80,000. ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 12 லட்சம் அல்ல, 15.6 லட்சம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 20,600 ரூபாய். பதினைந்து ஆண்டென்றால் சுமார் 16,800. மொத்தம் கட்டியிருப்பது 30 லட்சம். தவணை தவறினால் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்து சரியும். நாளைக்கு ஐந்தாவது தறி போடக் கடன் கேட்டுப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

'என்ன சம்பாதிப்பாள்?' என்பதற்கு வருகிறேன். அரசியல் அறிவியல் படித்தவர்கள் சம்பாதிப்பதில்லை என்பது தவறு. தாமதமாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதே சரி. பி.ஏ. மட்டும் கையில் இருந்தால் தொடக்கச் சம்பளம் எந்தக் கலைப் பட்டதாரிக்கும் கிடைப்பதுதான். அதற்கு மேலே போகும் வழிகள் எல்லாமே இன்னும் சில ஆண்டுகளைக் கேட்பவை. எம்.ஏ., பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதினால் மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர். அடிப்படை ஊதியமே 36,900-ல் தொடங்குகிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான 'நெட்' தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000. சட்டம் படிக்க மூன்று ஆண்டுகள். குரூப் 1, குரூப் 2, குடிமைப் பணித் தேர்வு எல்லாம் பொறுமையாக உட்கார்ந்து படிப்பவர்களுக்கானவை. குடிமைப் பணியை மட்டும் நம்பிக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் நாடு முழுவதற்கும் தேர்வானவர்கள் 1,009 பேர்தான்.

இத்தனை வழிக்கும் வேண்டியது, பட்டம் வாங்கிய பிறகு நான்கைந்து ஆண்டுகள் நிம்மதி. கடன் சரியாக அந்த ஆண்டுகளில்தான் கதவைத் தட்டும். பாவு ஏற்றிய அன்றே சேலையைக் கேட்டால் உங்களால் கொடுக்க முடியுமா?

ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. இதே படிப்பு, இதே போலக் கடன். தவணையைக் குறைக்க முடியுமா என்று கேட்டு வந்தான். விண்ணப்பத்தை எடுக்கப் பையைத் திறந்தபோது 'நெட்' தேர்வின் பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்று மேசையில் விழுந்தது. எடுத்துப் புரட்டினேன். பாதிவரை ஒவ்வொரு கேள்விக்கும் பென்சிலால் விடை குறித்திருந்தான்; நான் சரிபார்த்த பக்கத்தில் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதற்குப் பிறகு வெறும் தாள்கள். 'ஏன் தம்பி நிறுத்திவிட்டாய்?' என்றேன். தவணை கட்டுவதற்காக இரவு ஷிப்டு வேலைக்குப் போவதாகச் சொன்னான். காலக்கெடுவை நீட்டிக் கொடுத்தேன். என் அதிகாரத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்த வெறும் தாள்களை நிரப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை.

மாநிலக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருமான வரம்புக்குள் நீங்கள் வந்தால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியிலும் கேட்டுப் பாருங்கள். இடம் கிடைத்துவிட்டால் சாப்பாட்டுச் செலவும் இல்லை. கிடைக்காவிட்டால் வெளி விடுதிச் செலவு உங்கள் கையைக் கடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை மாதாமாதம் தறி வருமானத்திலிருந்து கட்டலாம், பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை.

மகளுக்கு டில்லி ஆசை இருந்தால் அதைக் கேலி செய்யாதீர்கள். நல்ல ஆசைதான். எம்.ஏ.வுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; பொது நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம், கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சட்டம் என்றால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி உங்கள் ஊருக்குப் பக்கம். அப்போது ஒன்றிரண்டு லட்சம் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஈடு கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நீங்களாக முடிவு செய்து அவளிடம் அறிவிக்க வேண்டாம். அரசியல் அறிவியல் படிக்க விரும்புகிற பெண். வரவு செலவைப் புரிந்துகொள்ளாமல் இருக்க மாட்டாள். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, நடுவில் வைத்து, அம்மாவையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள். அதற்கு முன், மாநிலக் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று பாருங்கள். பேச்சு வார்த்தையில் அந்தத் தேதி தாண்டிவிடக் கூடாது.