ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சத்பீர் சிங் எதற்காகப் போராடினார்?

'ராணுவத்தில் நல்ல பதவியில் இருந்தவர் ஏன் டெல்லியில் போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்?' என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரே வரியில் சொன்னால், 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்ற கோரிக்கைக்காக. எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்பதுதான் அது. இரண்டு பேர் ஒரே பதவியில், ஒரே அளவு ஆண்டுகள் பணியாற்றியவர்கள். ஒருவர் 1995-இல் ஓய்வு பெற்றார், மற்றவர் 2006-க்குப் பிறகு. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை ஒட்டியே கணக்கிடப்படுவதால், முன்னால் போனவருக்குக் குறைவு. சிப்பாய்களுக்கு இதன் வலி அதிகம். அரசு அலுவலர் அறுபது வயது வரை சம்பளம் வாங்குவார். சிப்பாயோ நாற்பதை ஒட்டியே வீட்டுக்குப் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம்கூட முடித்திருக்க மாட்டார்கள்.

சத்பீர் சிங் தலைமையில் முன்னாள் படைவீரர்கள் 2015 ஜூனில் டெல்லியில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. மார்பில் பதக்கங்களோடு நின்ற முதியவர்களைத் தள்ளிய அந்தக் காட்சிதான், என் கணிப்பில், பொதுமக்களை அவர்கள் பக்கம் திருப்பியது.

செப்டம்பர் 5 அன்று அரசு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தை அறிவித்தது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் ஓய்வூதியம் மறுநிர்ணயம் என்றது அரசு. அப்படியென்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வித்தியாசம் திரும்ப வந்துவிடுமே என்றார்கள் போராடிய படைவீரர்கள். அப்புறம் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2022 மார்ச்சில் அரசின் முறை செல்லும் என்று தீர்ப்பு வந்தது; ஆனால் 2019 ஜூலையிலிருந்து மறுநிர்ணயம் செய்து நிலுவையைக் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.