ஆசிரியர் ஆண்டால் நாடு உருப்படுமா?

கேள்வி: ஆசிரியராக இருந்தவர்கள் ஆட்சிக்கு வந்தால் நாடு உருப்படும் என்பது என் நம்பிக்கை. கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஒரு தலைமை ஆசிரியர் முதல்வராகிச் சாகும்வரை பதவியில் இருந்தாராமே?

பதில்: வில்லியம் ஆபர்ஹார்ட்டைச் சொல்கிறீர்கள். ஆசிரியர் என்ற ஒன்றுக்காக யாரையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கும் அவரைத்தான் நான் காட்டுவேன்.

கால்கரி நகரில் இருபது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். ஞாயிறுதோறும் வானொலியில் பைபிள் பிரசங்கம். 1932இல் எட்மன்டனுக்குப் பரீட்சைத் தாள் திருத்தப் போனார். அங்கே சக ஆசிரியர் கொடுத்த ஒரு புத்தகம் அவரை 'சோஷியல் கிரெடிட்' பொருளாதாரத்தின் பக்கம் திருப்பிவிட்டது; மக்கள் கையில் வாங்கும் சக்தி போதவில்லை, அரசே அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்கிற கொள்கை அது. உலகப் பெருமந்தத்தில் கோதுமை விலை விழுந்து விவசாயிகள் தவித்த காலம் அது. வயது வந்த எல்லோருக்கும் மாதம் 25 டாலர் என்று வாக்குக் கொடுத்தார். 1935 தேர்தலில் 63 இடங்களில் 56 அவர் கட்சிக்கு. அந்த 25 டாலர் கடைசிவரை யார் கைக்கும் வரவில்லை.

நல்லதும் செய்தார், அதை மறைக்கக் கூடாது. கல்வித் துறையைத் தானே வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வாரியமாகச் சிதறிக் கிடந்த சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளைப் பெரிய கோட்டங்களாக இணைத்தார். ஆசிரியர் சங்கத்துக்குச் சட்ட பலம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் கஷ்டம் தெரிந்தவர் செய்த வேலை அது.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகைகள் குறை சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. அரசு தரும் மறுப்பை அப்படியே அச்சிட வேண்டும், செய்தி கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டும் என்று 1937இல் மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எதிர்த்துப் போராடிய 'எட்மன்டன் ஜர்னல்' நாளிதழுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் இதில் எனக்குக் கோபம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. உறுப்பினரைப் பிடிக்காவிட்டால் வாக்காளர்களே திரும்ப அழைக்கலாம் என்று 1936இல் சட்டம் போட்டது அவருடைய அரசுதான். மறு ஆண்டே அதன்படி மனு கிளம்பியது, அவருக்கு எதிராகவே. உடனே அந்தச் சட்டத்தை முன்தேதியிட்டு ரத்து செய்தார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அவருடைய சொந்தத் தொகுதியான ஒகடோக்ஸ்-ஹை ரிவர் மக்கள்.